பதினோரு மில்லிமீட்டர்

கோயம்புத்தூர்
8.9.2024

அன்புள்ள வள்ளிக்கு,

வசந்தா அண்ணி எழுதுகிறேன். இங்கே நானும் அஸ்வினியும் சுகம். உன் முட்டிவலி தேவலையா? உன் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை எப்படிப் போகிறது?

போனில் பேசினால் நாம் ஐந்து நிமிஷத்தைத் தாண்டுவதில்லை. உன் அண்ணனின் காரியத்துக்குப் பிறகு மூன்று முறை பேசினோம். மூன்று முறையும் யாராவது ஒருத்தர் பாதியில் வைத்துவிட்டோம். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கொட்டகையில் நிற்கும் பத்மினி கார் விஷயம். அவர் நான்கு அகலச் சக்கரங்கள் வாங்கி அங்கே வைத்துவிட்டு, மாட்டாமலேயே போய்விட்டார். அதை முடித்து, மே மாதம் அவருடைய இரண்டாம் வருஷ நினைவு நாளுக்குள் வண்டியை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று இருக்கிறேன். அப்பாவின் வண்டியை ஓட்ட வேண்டும் என்று அஸ்வினி லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

முன்பக்கம் சிக்கல் இல்லை. பின்பக்கம் பழைய ஆக்ஸிலில் அந்தச் சக்கரத்தை மாட்டினால் டயர் உள்ளே ஸ்பிரிங்கில் உரசும். நீளமாகப் புது ஆக்ஸில் செய்ய வேண்டும். அதிகம் நீண்டால் வெளியே மட்கார்டில் உரசும். எங்கள் பம்ப் கம்பெனிக்கு வேலை செய்யும் லேத் பட்டறை சிவஞானம் செய்து தருகிறேன் என்றார். அளவு வேண்டும். ஸ்பிரிங்கிலிருந்து மட்கார்டு ஓரம் வரை, இடது தனியாக, வலது தனியாக அளந்து எழுது. நீ பிஸிக்ஸ் படித்தவள், உன் அளவு தப்பாது.

அன்புடன்,
வசந்தா

மரக்காணம்
22.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பள்ளிக்கூட லேபில் நாள் பூராவும் நிற்கிற வேலை. அஸ்வினிக்கு என் அன்பு.

வண்டி நன்றாக இருக்கிறது. இங்கே காற்றிலேயே உப்பு. ஒவ்வொரு ஞாயிறும் நல்ல தண்ணீர் விட்டு அடிப்பக்கம் கழுவுகிறேன். வண்டி என் கொட்டகைக்கு வந்ததிலிருந்து, பத்தொன்பது வருஷமாகக் கழுவுகிறேன். அண்ணன் பொங்கலுக்கு வரும்போது படுத்து அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பார், துரு இருக்காது. அதைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி.

நீங்கள் கேட்ட அளவு. மட்கார்டு ஓரத்திலிருந்து ஓரம் வரை மொத்தம் 1,424 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுத ஒன்றுமில்லை. பாதி பாதிதான்.

இப்படிக்கு,
அம்சவள்ளி

கோயம்புத்தூர்
14.10.2024

அன்புள்ள வள்ளிக்கு,

நலம். உன் முட்டிக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, தனியாக அனுப்புகிறேன்.

அளவுக்கு நன்றி. எனக்கு அது போதும். படம் நானே வரைந்து சிவஞானத்திடம் கொடுத்துவிட்டேன். இருபது வருஷமாகக் கம்பெனிக்குப் பம்ப் பம்பாக வரைகிறேன். முதல் முறையாக வீட்டுக்கு ஒரு படம் வரைந்தேன். "மேடம், லாரிக்காரன்கூட இவ்ளோ யோசிக்க மாட்டான்" என்று சிவஞானம் சிரித்தார்.

உனக்குத் தெரியுமோ என்னவோ, உன் அண்ணனுக்குச் சாப்பிடும்போதும் இந்த வண்டிதான். ரசத்தில் விரலை நனைத்துத் தட்டில் சக்கரம் போடுவார். இந்த வண்டியைப் பற்றி அவர் என்னிடம் சொல்லாதது ஒன்றும் இல்லை. கல்யாணமான மூன்றாம் நாளே தொடங்கிவிட்டார்.

மழைக்கு முன் கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
வசந்தா

மரக்காணம்
3.11.2024

அண்ணி,

இந்தக் கடிதத்தை உங்களுக்கு அனுப்பப் போவதில்லை. அனுப்பாத கடிதத்துக்கு நலம் விசாரிப்பு எதற்கு?

நான் எழுதிய அளவு பொய். மொத்தம் சரி. பாதி பாதி என்றது பொய். அந்த வண்டியில் பின் ஆக்ஸில் பதினோரு மில்லிமீட்டர் இடது பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பழைய ஒல்லிச் சக்கரத்தில் அது யார் கண்ணுக்கும் படாது. அகலச் சக்கரம் மாட்டினால் இடது டயர் மட்கார்டில் உரசும். உரசட்டும், வண்டி இங்கேயே நிற்கட்டும் என்று நினைத்தேன். டேப்பைச் சுருட்டும்போதே நினைத்துவிட்டேன்.

அது எப்படித் தள்ளியது என்பது எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரிந்தது. இரண்டாயிரத்தில், மாசி மாதம். உப்புப் பாத்திகளுக்கு நடுவில் போகும் மண் ரோட்டில் அவன் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். "கிளட்ச மெதுவா வுடு வள்ளி, மெதுவா" என்கிறான். நான் மொத்தமாக விட்டேன். வண்டி வரப்பில் ஏறி இறங்கி, கடல்தண்ணி திறக்கிற மதகின் சிமென்ட் தூணில் பின்பக்கம் போய் அடித்தது. ஸ்டீரிங்கில் இருந்தது நான். ஆட்கள் ஓடி வருவதற்குள் "எறங்கு, இந்தப் பக்கம் வா" என்று என்னைப் பிடித்து இழுத்துவிட்டு, அவன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அந்த வண்டியை டாக்ஸியாக ஓட்ட அவனைத்தான் அப்பா நம்பியிருந்தார். அன்றைக்கு எல்லார் முன்னாலும், "மதகு தெரியாதவன் கையில சாவி எதுக்கு" என்று பிடுங்கினார். ஆறு மாதம் அவன் பக்கத்து ஊர் பிரம்மதேசத்துக்குக் களை எடுக்கப் போனான். பிறகு கோயம்புத்தூருக்கு ரயில் ஏறினான்.

அங்கே நீங்கள் இருந்தீர்கள்.

அவனுடைய சம்பளம், சிரிப்பு, தட்டில் போட்ட சக்கரம், கடைசி நாள் ஆஸ்பத்திரி, எல்லாம் உங்களுக்கு. பொங்கலுக்கு நான்கு நாள் வருவான். அதிலும் மூன்று முறை உங்களுக்குப் போன் செய்வான். எனக்கென்று அவனிடமிருந்து மிச்சம் இருப்பது இந்தப் பதினோரு மில்லி. அதையும் அளந்து எழுதி உங்களுக்கு அனுப்ப வேண்டுமா?

ஆனால் அஸ்வினி ஓட்டப்போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடும்போது டயர் கிழிந்தால்? மூன்று ஞாயிறாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு அந்த இடது சக்கரத்தின் முன்னாலேயே நிற்கிறேன்.

சொல்லாமலேயே சரிசெய்துவிடப் போகிறேன்.

மரக்காணம்
10.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

தைலம் வந்தது, தடவுகிறேன், கொஞ்சம் தேவலை. அங்கே எல்லாரும் சுகம்தானே?

இங்கே மழை தொடங்கிவிட்டது. உப்பளம் மூடிவிட்டார்கள். இவர் வீட்டில் இருந்து எல்லாவற்றுக்கும் யோசனை சொல்கிறார்.

வண்டியின் அடியில் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் பிராக்கெட் பக்கம் லேசாகத் துரு மாதிரி தெரிந்தது. ஈ.சி.ஆர். ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் தங்கராசு வந்து கொஞ்சம் வெல்டிங் செய்துகொடுத்தான். கவலைப்பட ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
அம்சவள்ளி

கோயம்புத்தூர்
15.12.2024

அன்புள்ள வள்ளிக்கு,

புயல் உங்கள் பக்கம்தான் கரை கடந்தது என்று டிவியில் பார்த்ததிலிருந்து எனக்கும் அஸ்வினிக்கும் சோறு இறங்கவில்லை. நீ எடுத்த ஒரு நிமிஷப் போனில் "இருக்கிறோம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? வண்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தீர்கள் என்று உன் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். உங்கள் இரண்டு பேர் முதுகையும் நினைத்தால் பயமாக இருக்கிறது. நன்றி என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது.

ஆக்ஸில் தயார். லாரி பார்சலில் அனுப்பிவிட்டேன். ஒரு முனையில் சிவப்பு பெயிண்டில் "இடது" என்று எழுதியிருக்கும். தங்கராசுவிடம் சொல், அந்த முனை இடது பக்கம்தான் போக வேண்டும். மாற்றிவிடக் கூடாது.

அன்புடன்,
வசந்தா

மரக்காணம்
19.1.2025

அண்ணிக்கு,

பொங்கல் ஆயிற்று. நாங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று ஆக்ஸிலை மாட்டினோம். தங்கராசு குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்களின் பழைய ஜீப்புகளைப் பிரித்துப் பழகியவன், கை சுத்தம். நான்கு சக்கரமும் ஏறியது. செங்கல்லை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினோம். இவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மாப்ள கோலத்துல இருக்குதுபா" என்றார். கொட்டகையிலிருந்து ரோட்டுக்கு எடுத்தவுடன் வலது பக்கம் கர்ரென்று ஒரு சத்தம்.

"இன்னாடா அது?" என்றார் இவர்.

"டயர் மட்கார்டுல ஒரசுதுண்ணே."

"எந்தப் பக்கம்?" இது நான்.

"ரைட்டுக்கா. லெப்டுல ரெண்டு வெரல் உள்ள போவுது. ரைட்டுல ஒரு பேப்பர் போவாது."

இடது பக்கம் என்றால் எனக்குப் புரிந்திருக்கும். வலது பக்கம் எப்படி? தங்கராசு ஆக்ஸிலைக் கழற்றித் தரையில் போட்டு, நடுவிலிருந்து இரண்டு முனை வரையும் அளந்தான். "அக்கா, இன்னாக்கா இது, கோயம்புத்தூர்க்காரன் சரக்குப் போட்டுக் கடைஞ்சானா? லெப்டு பதினொண்ணு கம்மி. ரைட்டு பதினொண்ணு சாஸ்தி."

பதினொன்று. நான் டேப்பை வாங்கி மறுபடி அளந்தேன். பதினொன்றுதான்.

சிவஞானம் தவறு செய்யவில்லை, இல்லையா? நீங்கள் அப்படித்தான் வரைந்து கொடுத்தீர்கள். பாதி பாதி என்று நான் எழுதிய பிறகும். சிவப்பு பெயிண்ட் அதற்குத்தான்.

நானும் ஒன்றை மறைத்தேன். துரு என்று எழுதியது பொய். ஆக்ஸில் இடது பக்கம் தள்ளியிருப்பது எனக்குத் தெரியும். அது நடுவில் வரட்டும் என்று பிராக்கெட்டுகளை அறுத்து, பதினோரு மில்லி வலது பக்கம் நகர்த்தி வெல்டிங் செய்ய வைத்தேன். நானும் சரிசெய்தேன், நீங்களும் சரிசெய்தீர்கள். இரண்டும் சேர்ந்து வலது பக்கம் உரசுகிறது.

அந்த எண் உங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் சொன்னானா? சொல்ல மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்திருந்தான்.

அம்சவள்ளி

கோயம்புத்தூர்
2.2.2025

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்கு லேசாகச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், மற்றபடி நலம்.

ஆமாம், அவர் சொன்னார். மூன்றாம் நாள் தொடங்கினார் என்று எழுதினேனே, முதலில் சொன்னதே அதுதான். உப்பளத்து ரோட்டில் வேகமாகப் போய் மதகில் அடித்ததையும், அப்பா சாவியைப் பிடுங்கியதையும் சொன்னார். ஆக்ஸில் பதினோரு மில்லி தள்ளி உட்கார்ந்ததையும் சொல்லிவிட்டு, "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும், ஊருல யாருக்கும் ஆக்ஸில் விஷயம் தெரியாது" என்றார்.

இரண்டு பக்கமும் தனியாக அளக்கச் சொன்னேனே, அது எனக்குத் தேவையே இல்லை. உனக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் கேட்டேன். பாதி பாதி என்று நீ எழுதினாய். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வள்ளிக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று. கடைசி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் அவர் உன்னைத்தான் கேட்டார். "வள்ளி வந்துட்டாளா, வண்டியக் கழுவுனாளா" என்று. கோடைப் புயல் மழையில் பஸ் இல்லாமல் நீ வர முடியவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. இதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. சொல்லக் கூடாது என்றுதான் சொல்லவில்லை.

இப்போது நீ சொல். சத்தியம் எதற்கு? தான் வண்டியை மோதியதை மறைக்க அவர் உன்னிடம் ஏன் சத்தியம் செய்ய வேண்டும்?

வசந்தா

மரக்காணம்
16.2.2025

அண்ணி,

சர்க்கரைக்கு மாத்திரையை வேளை தவறாமல் போடுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் நவம்பரிலேயே எழுதி, பிஸிக்ஸ் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். இத்துடன் இருக்கிறது. ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. உங்களைப் பற்றி எழுதியதையும் அடிக்கவில்லை.

அவன் கேட்டதை இப்போதாவது சொன்னீர்கள். கழுவினேன் என்று சொல்ல முடியாமல் போயிற்று.

வள்ளி

கோயம்புத்தூர்
20.4.2025

அன்புள்ள வள்ளிக்கு,

ஒன்பது வாரம் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அஸ்வினி தினமும் "அத்தைக்கு எழுதுனியா" என்று கேட்டாள். உன்மேல் கோபம் என்று அவள் நினைத்தாள். முதல் வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பத்தொன்பது வருஷம் வள்ளி. அந்தக் கதையை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார்! விருந்தாளி வந்தால் சொல்வார், அஸ்வினி சைக்கிளில் விழுந்தபோது சொன்னார். ஒரு முறைகூட மாற்றிச் சொன்னதில்லை. நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாத ஒரு மூலையை உனக்காக வைத்திருந்தார். தெரிந்ததும் எனக்கு அழுகை வரவில்லை. உன்மேல் பொறாமையாக இருந்தது. அது அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கவில்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

இன்னொன்றும் யோசித்தேன். அன்றைக்கு நீ கிளட்சை மெதுவாக விட்டிருந்தால் அவர் அங்கே டாக்ஸி ஓட்டியிருப்பார். நான் யாரோ.

ஒன்றைக் கழற்ற வேண்டும், உன் வெல்டிங்கையா, என் ஆக்ஸிலையா என்று சிவஞானம் கேட்டார். புது ஆக்ஸில் சமமாகச் செய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். தங்கராசுவிடம் சொல்லிப் பிராக்கெட்டைப் பழைய இடத்துக்கே தள்ளச் சொல். நீ இடித்த இடத்திலேயே அது இருக்கட்டும். அதற்கு ஏற்ற ஆக்ஸில்தான் என்னிடம் இருக்கிறதே.

அன்புடன்,
வசந்தா

மரக்காணம்
4.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். வெயில் ஏறிவிட்டது, உப்பு நன்றாக விளைகிறது. இவர் காலை ஐந்து மணிக்கே பாத்திக்குப் போய்விடுகிறார்.

"ஒட்டுன்றீங்க, வெட்டுன்றீங்க, மறுபடி ஒட்டுன்றீங்க, இது வண்டியா ஜாக்கெட்டாக்கா?" என்று தங்கராசு சத்தம் போட்டான். ஆனால் செய்துவிட்டான். பிராக்கெட் பழைய இடத்தில். உங்கள் ஆக்ஸில், சிவப்பு முனை இடது பக்கம். இப்போது இரண்டு பக்கமும் ஒரு விரல் போகிறது, ஒரே விரல். உரசவில்லை. தங்கராசு ஓட்ட, அந்த மண் ரோட்டிலேயே மதகு வரை போய்த் திரும்பினோம். நான் பின் சீட்டில் இருந்தேன்.

பதினெட்டாம் தேதி நினைவு நாள். பதினாறாம் தேதி அஸ்வினியை அழைத்துக்கொண்டு வாருங்கள். வண்டியை எடுத்துப் போங்கள். கொடுக்க எனக்கு மனசில்லை, கொடுக்கிறேன். அங்கே உப்புக் காற்று இல்லை, ஞாயிறு ஞாயிறு கழுவ வேண்டியதில்லை. இருந்தாலும் கழுவுங்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கேட்காமல் இருக்கத்தான் நினைத்தேன். பத்தொன்பது வருஷம் அவன் சொன்ன அந்தக் கதையில் வண்டிக்குள் நான் இருந்தேனா? பக்கத்து சீட்டிலாவது? இல்லை, தனியாகப் போனதாகச் சொன்னானா?

வள்ளி

கோயம்புத்தூர்
9.5.2025

வள்ளி,

கார்டுதான் கையில் இருந்தது. பதினாறாம் தேதி காலையில் வந்துவிடுவோம்.

நீ இல்லை. பக்கத்து சீட்டில் ஒரு உப்பு மூட்டை இருந்ததாகத்தான் எப்போதும் சொல்வார். "வண்டி இடிச்சதும் மொதல்ல மூட்டையத்தான் பாத்தேன். அதுக்கு ஒண்ணும் ஆவல. அப்பறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு" என்பார். கார் நசுங்கிக் கிடக்கும்போது எந்த மனுஷனாவது உப்பு மூட்டையைப் பார்ப்பானா என்று நானும் அஸ்வினியும் ஒவ்வொரு முறையும் சிரிப்போம். அவரும் எங்களோடு சிரிப்பார்.

வசந்தா